போட்டி நடுவே நான் எழுதாமல் விட்ட ஒரு வரி

1. முதல் நாள்

ஐஸ் ஹாக்கி என்று ஒரு விளையாட்டு இருப்பதே எனக்கு முப்பத்து நான்கு வயதில்தான் தெரியும். அதுவரை ஐஸ் என்றால், மாங்கூழ் ஃபேக்டரியில் கோல்டு ஸ்டோரேஜ் குழாய்களின் மேல் படிகிற வெள்ளைதான். தர்மபுரியில் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு அந்த ஃபேக்டரியில் பதினோரு வருஷம் அம்மோனியா பிளான்ட் ஓட்டினேன். சொந்த ஊர் மாரண்டஹள்ளி பக்கம். அப்பாவுக்கு மூன்று ஏக்கர். தக்காளியும் ராகியும் போடுவார். என் தம்பி முருகேசன் அவருடன் இருக்கிறான்.

வளைகுடா வேலைக்கு ஏஜென்ட் என்னை அனுப்பும்போது, "சில்லர் ஆபரேட்டர்" என்று மட்டும் சொன்னார். ஏதோ பெரிய ஹோட்டலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். முதல் நாள் ஒரு மண்டபத்துக்குள் கூட்டிப்போனார்கள். வெளியே நாற்பத்து நான்கு டிகிரி வெயில். உள்ளே அரை ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவாகத் தரை முழுக்க ஐஸ். சேஃப்டி ஷூவோடு அதன்மேல் காலை வைத்தேன். அடுத்த நொடி மல்லாந்து கிடந்தேன்.

மேனேஜர் ஹபீப் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். அவர் லெபனான்காரர். எங்களுக்குள் பேச்சு இங்கிலீஷில்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"மிஸ்டர் ராஜ், அதைத் தரைன்னு நினைக்காதே. அதுவும் உன் மெஷின்ல ஒரு பார்ட்" என்றார்.

கோவிந்தராஜ் என்ற என் பெயர் அன்றிலிருந்து அங்கே ராஜ் ஆனது. அவர் சொன்னதும் சரிதான். ஐஸுக்குக் கீழே கான்கிரீட், அதற்குள் கிலோமீட்டர் கணக்கில் குழாய்கள். அந்தக் குழாய்களில் கிளைகால் கலந்த தண்ணீர் மைனஸ் பத்து டிகிரியில் ஓடும். அதை நாங்கள் பிரைன் என்போம். பம்ப் அதைத் தள்ளும். இரண்டு கம்ப்ரசர்கள் சில்லரில் அதைக் குளிரவைக்கும். மேலே மூன்றரை சென்டிமீட்டர் கனத்தில் ஐஸ் நிற்பது இந்த ஓட்டத்தால்தான். ஓட்டம் நின்றால் சில மணி நேரத்தில் அது குளம்.

2. ஆறு நாட்டு அணிகள்

நான் சேர்ந்த ஆறாவது வருஷம் எங்கள் அரங்கத்துக்கு ஒரு சர்வதேசப் போட்டி வந்தது. ஐஸ் ஹாக்கியில் நாடுகளைப் பல படிகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பெரிய நாடுகள் மேல்படியில் ஆடும். எங்களிடம் வந்தது கீழ்ப்படிப் போட்டி. ஆறு நாட்டு அணிகள். முதலிடம் வருகிற அணி அடுத்த வருஷம் ஒரு படி மேலே போகும். டிவியில் யாரும் காட்டமாட்டார்கள். பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தந்த நாட்டிலிருந்து அங்கே பிழைக்க வந்தவர்கள்.

ஆடுகிறவர்களுக்கு மட்டும் அது கீழ்ப்படியாகத் தெரியவில்லை. ஓர் அணியின் கேப்டன் பேக்கரி வைத்திருப்பவர். இன்னொரு அணியில் ஒருவர் லீவு கிடைக்காமல் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். நம் நாட்டு அணியும் வந்திருந்தது. அதில் பெரும்பாலும் லடாக் பக்கத்து ஆட்கள். கோல்கீப்பர் பெயர் டோர்ஜே, ஊரில் பள்ளிக்கூட வாத்தியார். முதல் நாள் பிராக்டிஸ் முடிந்ததும் பிளான்ட் ரூமைத் தேடிக்கொண்டு வந்து, கம்ப்ரசரைக் கோயிலில் நிற்பதுபோல நின்று பார்த்தார்.

"எங்க ஊர்ல குளம் தானா உறையும் பாய். ரெண்டு மாசம் ஆடுவோம், அப்புறம் உருகிடும். வருஷம் பூரா இருக்கிற ஐஸை இப்பத்தான் பாக்கறேன்" என்று ஹிந்தியில் சொன்னார்.

"ஐஸ் எப்படி இருக்குங்க?" என்று கேட்டேன். எனக்குத் தெரிய வேண்டியது அதுதான்.

"கண்ணாடி" என்றார்.

போட்டிக்கு முந்தைய மாதம் முழுக்க நாங்கள் தூங்கியது குறைவு. பிரைன் லைனில் துருப்பிடித்த ஒரு பகுதியை வெட்டி எடுத்துப் புதுக் குழாய் பற்றவைத்தோம். பழைய ஐஸை முழுவதும் எடுத்துவிட்டு, மெல்லிய தண்ணீரைத் திரும்பத் திரும்பத் தெளித்து, வெள்ளை அடித்து, சிவப்பு நீலக் கோடுகள் போட்டு, மறுபடி தண்ணீர் தெளித்து உறையவைத்தோம். என்னோடு ஷிப்ட்டில் இருந்தவர் சஜி. பாலக்காட்டுக்காரர், என்னைவிட எட்டு வயது இளையவர். தமிழ் நன்றாகப் பேசுவார். நான் ஷிப்ட் இன்சார்ஜ், அவர் ஆபரேட்டர். நிதானமான வேலைக்காரர். எதைத் தொட்டாலும் லாக் புக்கில் எழுதுவார். அதற்காக அவரை நான் கேலி செய்ததும் உண்டு.

3. ஒரு துண்டு வயர்

இரண்டாம் நாள், மதிய மேட்ச் நடந்துகொண்டிருந்தது. சஜி சாப்பிடப் போயிருந்தார். திடீரென்று இரண்டு கம்ப்ரசரும் நின்றன. பேனலில் "ஃப்ளோ ஃபெயில்" என்று சிவப்பு லைட்.

ஃப்ளோ ஸ்விட்ச் என்பது பிரைன் குழாய்க்குள் நீட்டியிருக்கும் ஒரு சின்னத் தகடு. பிரைன் ஓடினால் தகடு சாயும், கம்ப்ரசர் ஓடலாம் என்று பச்சை லைட் எரியும். ஓட்டம் குறைந்தால் தகடு நிமிர்ந்துகொண்டு கம்ப்ரசரை நிறுத்திவிடும். ஓட்டம் இல்லாமல் கம்ப்ரசர் ஓடினால் சில்லருக்குள் உறைந்து குழாய் வெடிக்கும். அதற்காகத்தான் அந்தக் காவல்.

பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. பிரஷர் நன்றாக இருந்தது. ரீசெட் செய்தேன். பத்து நிமிஷம் ஓடி மறுபடி நின்றது. ஸ்விட்ச்தான் கெட்டுவிட்டது என்று முடிவு செய்தேன். அது பழைய ஸ்விட்ச். கையில் ஸ்பேர் இல்லை. மேலே மேட்ச் நடக்கிறது, ஜனம் கத்துவது பிளான்ட் ரூம்வரை கேட்கிறது. ஒரு விரல் நீளத்துக்கு வயரை வெட்டி, ஸ்விட்சின் இரண்டு டெர்மினலையும் சேர்த்து முடுக்கிவிட்டேன். அதை ஜம்பர் போடுவது என்போம். இனி ஓட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பேனலில் பச்சைதான் எரியும்.

மேட்ச் முடிந்ததும் ஸ்விட்சைக் கழற்றிப் பார்த்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அரைமணி நேரத்தில் தம்பி போன் செய்தான்.

"அண்ணா, அப்பா கெணத்து மேட்டுலருந்து வுழுந்துட்டாருண்ணா. இடுப்பு எலும்பு முறிஞ்சுபோச்சு. தர்மபுரி ஆஸ்பத்திரில ஆபரேசன்னு சொல்றாங்க. நீ வந்துடறியா?"

ஹபீப் மறுபேச்சு பேசவில்லை. டிக்கெட்டை அவரே போடச் சொன்னார். சாப்பிட்டுவிட்டு வந்த சஜியிடம் நின்றபடியே பொறுப்பை ஒப்படைத்தேன். கம்ப்ரசரில் சுற்றும் குளிர் கேஸின் பிரஷர், ஆயில் அளவு, கூலிங் டவர் பெல்ட் எல்லாம் சொன்னேன். லாக் புக்கிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஜம்பரைச் சொல்லவில்லை. எழுதவும் இல்லை.

மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. ஏர்போர்ட்டில் உட்கார்ந்திருக்கும்போது ஞாபகம் வந்தது. போனைக் கையில் எடுத்தேன். எப்போதும் எழுதுகிற சஜியைக் கேலி செய்துவிட்டு, காவலை நானே கழற்றி வைத்திருக்கிறேன் என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. இறங்கியதும் சொல்லிக்கொள்ளலாம் என்று போனைப் பைக்குள் வைத்தேன். பெங்களூரில் இறங்கி, ஓசூர் வழியாக பஸ் பிடித்து, நேராக ஆஸ்பத்திரி. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் மற்றதெல்லாம் போய்விட்டது.

4. ஆஸ்பத்திரி வராந்தா

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஐந்தாம் நாள் அப்பா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, தக்காளிக்கு மருந்து அடித்தாயா என்று தம்பியை விரட்டத் தொடங்கியிருந்தார். பக்கத்துக் கட்டிலில் சித்தேரி மலைக்காரர் ஒருவர், கால் முறிந்த தன் மகனைச் சேர்த்திருந்தார். பெயர் சடையன். பகல் முழுக்க எங்களோடு பேசிக்கொண்டிருப்பார்.

சாயங்காலம் நாலரை மணிக்கு சஜி வீடியோ கால் செய்தார். அங்கே மூன்று மணி. அன்று போட்டியின் கடைசி நாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தேன்.

"அண்ணா, ஐஸ் போகுது" என்றார் சஜி. முகம் வெளுத்திருந்தது.

கேஸ் பிரஷர் குறைந்து, இரண்டு கம்ப்ரசரும் நின்று நின்று போகின்றன. ரீசெட் செய்தால் ஐந்து நிமிஷம் ஓடுகின்றன, மறுபடி நின்றுவிடுகின்றன. ஐஸ் மைனஸ் ஐந்தில் இருக்க வேண்டியது மைனஸ் இரண்டுக்கு வந்துவிட்டது. நம் நாட்டு அணி மூன்றாம் இடத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது. மூன்று பீரியடில் இரண்டாவது முடிந்தபோது ரெஃப்ரீ கோல் பக்கம் குனிந்து ஐஸில் கட்டை விரலை வைத்து அழுத்தினார், விரல் பதிந்தது. ஆட்டத்தை நிறுத்திவிட்டார். ஆறு மணிக்குள் சரியாகாவிட்டால் மேட்ச் ரத்து. அதற்குப் பிறகு முதலிடத்துக்கான மேட்சும் அதே ஐஸில் நடக்க வேண்டும். மறுநாள் காலை எல்லா அணிகளுக்கும் விமானம்.

"ஃப்ளோ?" என்று கேட்டேன்.

"ஃப்ளோ ஓகே அண்ணா. பச்சை எரியுது. கேஸ்தான் கம்மியா இருக்கணும்னு சர்வீஸ் பாக்க வந்த கான்ட்ராக்டர் சொல்றார். சிலிண்டர் கொண்டுவந்தாச்சு, ஏத்தப்போறாங்க."

எனக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. ஸ்விட்ச் கெட்டுப்போகவே இல்லை. அன்றைக்கே ஓட்டம் குறைந்துதான் இருந்தது. புதுக் குழாய் பற்றவைத்த கசடும் பழைய துருவும் சேர்ந்து, சில்லருக்கு முன்னால் இருக்கும் ஸ்ட்ரெய்னரை, அதாவது வடிகட்டியை, அடைத்துக்கொண்டு வந்திருக்கிறது. ஸ்விட்ச் சரியாகச் சொன்னது. நான் அதன் வாயைக் கட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

ஹபீப் சஜியிடமிருந்து போனை வாங்கினார். "ராஜ், உன் ஆள் நாலு நாளா பிளான்ட்டைக் கவனிக்கல. இவனை நம்பி விட்டது என் தப்பு" என்றார். பின்னால் சஜி தலை குனிந்து நிற்பது தெரிந்தது.

அப்போதும் நான் முழுவதும் சொல்லவில்லை. அதை இங்கே எழுதியாக வேண்டும். "சார், ஸ்ட்ரெய்னரை ஒருக்கா திறந்து பாக்கச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னேன். ஸ்ட்ரெய்னர் சுத்தமானால் பிரச்சினை தீர்ந்துவிடும், ஜம்பர் விஷயம் யாருக்கும் தெரியவேண்டாம் என்று உள்ளே ஒரு கணக்கு ஓடியது.

கான்ட்ராக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஃப்ளோ நல்லா இருக்கும்போது ஸ்ட்ரெய்னரை எதுக்குத் திறக்கணும்? அதுக்கு பம்பை நிறுத்தணும். இருக்கிற ஐஸும் போயிடும். முதல்ல கேஸ் ஏத்தறேன்" என்று அவர் சொல்வது கேட்டது. அந்தப் பச்சை லைட்டை நம்புகிறவர் அப்படித்தான் சொல்வார். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் கேஸ் குறையவே இல்லை. மேலும் ஏற்றினால் கம்ப்ரசருக்குள் திரவமாகப் போய் வால்வுகள் உடையும். அதன்பின் அன்றைக்கு மட்டுமல்ல, இரண்டு மாதத்துக்கு அங்கே ஐஸ் இருக்காது. போன் திரையில், திட்டு வாங்கிக்கொண்டு சஜி வேறு நிற்கிறார்.

வராந்தாவில் மருந்து வாங்க நிற்கிறவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"சார், அந்தப் பச்சை லைட்டை நம்பாதீங்க. ஃப்ளோ ஸ்விட்சுக்கு நான் ஜம்பர் போட்டிருக்கேன். கெளம்பின அன்னிக்குப் போட்டது. சஜிகிட்ட சொல்லல. புக்குலயும் எழுதல. சஜி மேல ஒரு தப்பும் இல்ல சார்."

பதில் சொன்னது ஹபீப்தான்.

"இதைப் பத்தி அப்புறம் பேசலாம். இப்ப என்ன செய்யணும்னு சொல்லு."

"பம்ப் டிஸ்சார்ஜ் கேஜ் எவ்வளவு காட்டுதுன்னு சஜியைப் பாக்கச் சொல்லுங்க."

சஜி பார்த்துவிட்டு, "நாலு பார் அண்ணா. எப்பவும் மூணு தான் இருக்கும். பிரஷர் நல்லா இருக்குன்னு நினைச்சேன்" என்றார். முன்னால் அடைத்துக்கொண்டால் பின்னால் பிரஷர் ஏறும். அதை நான் சொன்னதும் கான்ட்ராக்டர் கேஸ் சிலிண்டரின் ஹோஸைக் கழற்றிவிட்டார்.

அதற்குமேல் எனக்குத் தெரிந்த வேலை. போனைப் பேனல் மேல் சாய்த்து வைக்கச் சொன்னேன். பம்பை நிறுத்து, இரண்டு பக்க வால்வையும் மூடு, ஸ்ட்ரெய்னர் மூடியில் எட்டு போல்ட், எதிர் எதிராக லூஸ் பண்ணு. மேலே அரங்கத்துக்கும் சொல்லி அனுப்பினேன். பாதி லைட்டை அணையுங்கள், கதவெல்லாம் சாத்துங்கள், ஐஸைச் சீவித் தண்ணீர் விட்டு மெழுகும் வண்டியை ஓட்டினால் மேலே சீவ மட்டும் செய்யுங்கள், ஒரு சொட்டுத் தண்ணீர் விடவேண்டாம்.

சடையன் எப்போது வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார் என்று தெரியவில்லை.

"ஏனுங்க, என்னாங்க அது?"

"மெசினுங்க. ஐஸ் போடற மெசினு. அடைச்சிக்கிச்சு."

"எந்த ஊர்லீங்க?"

"வெளிநாட்லீங்க."

"இங்கருந்தே ரிப்பேரு பாக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டு, "குடுங்க, நானு புடிச்சிக்கறேன்" என்று போனை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கடைசிவரை அசையாமல் பிடித்திருந்தார்.

ஸ்ட்ரெய்னர் கூடையை சஜி வெளியே உருவினார். உள்ளே இரண்டு கை கொள்ளும் அளவுக்குக் கறுப்புச் சேறு. சஜி அதைக் கழுவி, திரும்பப் போட்டு, காற்றை வெளியேற்றினார். பம்பை ஓட விடுமுன் ஸ்விட்சிலிருந்த என் வயரைப் பிடுங்கி எடுத்தார். பம்ப் ஓடியது. லைட் சிவப்பிலிருந்து தானாகப் பச்சைக்கு மாறியது. கம்ப்ரசர்கள் கிளம்பின. இந்தத் தடவை நிற்கவில்லை. எல்லாம் சேர்ந்து இருபத்தைந்து நிமிஷம்.

ஐஸ் இறுகுவதற்கு ஒன்றே கால் மணி நேரம் ஆனது. ரெஃப்ரீ இரண்டு முறை வந்து விரல் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாராம். மூன்றாம் முறை தலையசைத்திருக்கிறார். அங்கே மணி ஐந்தைத் தாண்டியிருந்தது.

கடைசிப் பத்து நிமிஷத்தை அரங்க ஊழியர் ஒருவர் போனில் காட்டினார். அதை வார்டுக்குள் கொண்டுபோய் அப்பா கட்டிலில் வைத்தேன். சடையனும் அவர் மகனும் எட்டிப் பார்த்தார்கள்.

"என்னடா இது, வழுக்கிக்கிட்டே ஓடறானுவ" என்றார் அப்பா.

"நம்மாளுங்க யாருங்க?" என்று சடையன் கேட்டார்.

"நீலச் சட்டைங்க. கோல்ல நிக்கறவரு லடாக்கு, வாத்தியாரு."

டோர்ஜே நான் பார்த்தே ஆறு பந்தைத் தடுத்தார். சடையனுக்கு அதைப் பந்து என்றுதான் சொன்னேன்; உண்மையில் அது ஒரு கறுப்பு வட்டு. ஏழாவது உள்ளே போய்விட்டது. நம் அணி ஒரு கோலில் தோற்றது. ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் வரிசையில் நின்று ஒவ்வொருவராகக் கை கொடுத்துக்கொண்டார்கள். ஜெயித்த நாட்டின் கொடி ஏறியது.

"தோத்துட்டாங்களா?" என்று அப்பா கேட்டார்.

"ஆமாப்பா. ஆனா ஆடி முடிச்சுட்டாங்க" என்றேன்.

5. திரும்பிப் போனபிறகு

அப்பா வாக்கர் பிடித்து நடக்க ஆரம்பித்ததும் கிளம்பினேன். மாரண்டஹள்ளியிலிருந்து ஓசூர் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதே வேலை போயிருக்கும் என்று மனதைத் தயார் செய்துகொண்டேன்.

ஹபீப் என்னை உட்காரச் சொல்லவில்லை. மேஜைமேல் ஒரு எச்சரிக்கைக் கடிதம் இருந்தது. படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். ஷிப்ட் இன்சார்ஜ் பொறுப்பும் போனது, நான் ஆபரேட்டர்.

"உன்னை ஏன் வேலையை விட்டு அனுப்பலன்னு தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியல சார்."

"நீ வாயைத் திறக்காம இருந்திருந்தா கேஸ் ஏத்தியிருப்பாங்க. அன்னிக்கு அதைச் சொன்னே. ஆனா அஞ்சு நாள் முன்னாடியே சொல்லியிருக்கணும். ரெண்டும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம்."

இன்சார்ஜ் இடத்துக்கு சஜி வந்திருந்தார். மரியாதை குறையாமல் வேலை சொன்னார், அவ்வளவுதான். சாப்பாட்டு நேரத்தில் வேறு மேஜையில் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் நானே அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"சஜி, நான் செஞ்சது தப்பு. உன்கிட்ட சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு வுட்டுட்டேன். மன்னிச்சுக்க."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஹபீப் சார் திட்டினது எனக்குப் பெரிசில்ல அண்ணா. அன்னிக்குக் காலைலேர்ந்தே பிளான்ட் சத்தம் சரியில்லைன்னு எனக்குத் தோணுச்சு. ஸ்ட்ரெய்னர் அடைச்சிருக்குமோன்னுகூட நினைச்சேன். போய்ப் பார்த்தா பச்சை எரியுது. சரி, நமக்குத்தான் ஒண்ணும் தெரியலன்னு திரும்பி வந்துட்டேன். மூணு தடவை போய்ப் பார்த்தேன் அண்ணா. மூணு தடவையும் எனக்கு வேலை தெரியலன்னு நானே முடிவு பண்ணிட்டேன்."

அவருடைய காது சரியாகக் கேட்டிருக்கிறது, புத்தி சரியாகச் சொல்லியிருக்கிறது. பன்னிரண்டு வருஷ அனுபவத்தை அவரே சந்தேகப்படும்படி செய்தது நான். மெஷின் அன்றைக்கே சரியாகிவிட்டது. இது சரியாக நாளானது. நான் அவருக்குக் கீழே நான்கு வருஷம் வேலை பார்த்தேன். முதல் வருஷம் முழுக்க, சஜி ஒவ்வொரு ரீடிங்கையும் இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் எழுதுவார்.

இப்போது பாலக்கோடு பக்கம் காய்கறி கோல்டு ஸ்டோரேஜில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். ஜம்பர் போடாதே என்று சொல்லமாட்டேன். அவசரத்தில் யாராவது எப்போதாவது போடத்தான் போகிறார்கள். போட்டால் கையைத் துடைக்கும் முன்னே புக்கில் எழுது. அடுத்த ஷிப்ட்காரரிடம் வாயால் சொல். வெட்கமாக இருந்தாலும் சொல். நாம் எழுதாமல் விட்டுப்போகிற வரிக்கு முன்னால் இன்னொருவர் நின்றுகொண்டு, தப்பு தன்னுடையதுதான் என்று நம்பிக்கொண்டிருப்பார்.